பல்கலைக்கழகப் பிள்ளையின் போடிங் செலவும் கடனும்

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் அது. ஆனால் பிள்ளை உண்பதும் உறங்குவதும் இலவசம் அல்ல. கல்வி இலவசம் என்று போடிங்கார அம்மாவிடம் சொன்னால் அவர் சிரிப்பார். சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பாமல், குத்தகை வயலிலும் கூலி வேலையிலும் காலம் தள்ளும் ஒரு குடும்பத்தின் பிள்ளைக்குத் திருநெல்வேலியிலோ வந்தாறுமூலையிலோ இடம் கிடைத்ததும், பெற்றோரிடம் எழும் முதற் கேள்வி, மாதாமாதம் எதை அனுப்புவது என்பதுதான்.

“அரசாங்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்குதாமே, அதை எடுத்துப் போடிங் காசைக் கட்டலாமா?” என்று கேட்கிறார்கள். பிள்ளை எங்கே படிக்கிறது என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்லலாம்.

அந்த வட்டியில்லாக் கடன் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. க.பொ.த. உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடியாத மாணவர்கள், அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தனியார் நிறுவனங்களில் பட்டப்படிப்பைத் தொடர்வதற்காக அது ஏற்படுத்தப்பட்டது. அரச பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைக்கு அது கிடையாது. இந்த வேறுபாடு தெரியாமல் விண்ணப்பப் படிவம் தேடி அலைந்து பஸ் காசைச் செலவழிக்க வேண்டாம்.

அரச பல்கலைக்கழக மாணவருக்கு இருப்பவை மஹாபொல புலமைப்பரிசிலும் பர்சரி எனப்படும் உதவுதொகையும். மஹாபொல நிதியம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. இவை இரண்டும் கடன் அல்ல; திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் கூட்டப்பட்டன. வருடத்துக்குப் பத்து மாதத் தவணைதான் கிடைக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். பணம் பிந்தி வருவதும் வழக்கம். முதல் தவணை கைக்கு வரும்வரை வீட்டுக் காசிலேயே பிள்ளை இருக்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியவை

விடுதி இடம் கிடைத்தால் செலவு பெருமளவு குறையும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முதலாம் வருட மாணவருக்கும் இறுதி வருட மாணவருக்கும் முன்னுரிமை கொடுக்கின்றன. நடுவிலே வரும் வருடங்களில்தான் பிள்ளை வெளியில் அறை தேட வேண்டும். விடுதி கொடுக்கும்போது வீட்டின் தூரத்தையும் குடும்ப வருமானத்தையும் பார்க்கிறார்கள். நம்மவர்களுக்கு இடறல் இந்த இடத்தில்தான்.

ஒரு குடும்பம் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் இப்போது வவுனியாவில் இருக்கிறார்கள். ஆனால் அடையாள அட்டையிலும் பிறப்புப் பத்திரத்திலும் பழைய ஊர் விலாசமே இருக்கிறது. அந்த விலாசத்தை விண்ணப்பத்தில் எழுதினால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மிக அருகில் வீடு உள்ள பிள்ளை என்றுதான் கணக்கில் வரும். இப்போது வசிக்கும் இடத்தின் கிராம அலுவலரிடம் வதிவிடக் கடிதம் பெற்று, பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தி இணைக்க வேண்டும். எத்தனை வருடமாக அங்கே வசிக்கிறீர்கள் என்பதையும் கடிதத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

காணி விடயமும் அப்படித்தான். “ஆறு ஏக்கர் வயல் உண்டு” என்று மட்டும் எழுதினால், படிக்கும் உத்தியோகத்தர் வசதியான வீடு என்று எண்ணக்கூடும். உறுதி உங்கள் பெயரில் இருக்கலாம், ஆனால் வயலில் கால் வைத்து முப்பது வருடம் ஆகியிருக்கலாம். எந்த வருடத்திலிருந்து செய்கை இல்லை, காணி இப்போது யார் வசம் உள்ளது என்பவற்றை இரண்டு வரியில் எழுதுங்கள். வருமானச் சான்றிதழிலும் இந்த விபரம் வரட்டும். வெட்கப்பட்டு மறைப்பதால் நட்டம் பிள்ளைக்கே.

கிழமைக் கடனால் போடிங் காசு கட்டலாமா?

இதற்குப் பிறகும் துண்டு விழும். ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். எண்களை உங்கள் பிள்ளை எழுதி அனுப்பும் கணக்கின்படி மாற்றிக்கொள்ளுங்கள். அறை வாடகையில் பிள்ளையின் பங்கு 5,000 ரூபா, சாப்பாடு 12,000, பஸ் 2,500, போட்டோப் பிரதியும் கைத்தொலைபேசிச் செலவும் 2,000, சவர்க்காரம் மருந்து முதலியவை 1,500 என்றால் மாதம் 23,000 ரூபா. பத்து மாதத்துக்கு 230,000. மஹாபொலவிலிருந்து 75,000 வந்தால், மிகுதி 155,000 ரூபாவை வீடு தேட வேண்டும்.

இந்த இடத்தில்தான் பல தாய்மார் கிழமைக் கடனுக்குப் போகிறார்கள். வீட்டு வாசலுக்கே வருகிறது, காணி உறுதி கேட்பதில்லை, குழுவாகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். சரி, அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60,000 ரூபா கடன், வருடத்துக்கு நூற்றுக்கு 24 வட்டி, முழுத் தொகைக்கும் முழு வருடத்துக்கும் வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டி 14,400. மொத்தம் 74,400 ரூபாவை 52 கிழமையில் கட்ட வேண்டும். கிழமைக்கு ஏறக்குறைய 1,430 ரூபா. முதலில் ஒரு பகுதியை ஒவ்வொரு கிழமையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள், ஆனாலும் வட்டி முழு 60,000க்கும் ஓடுகிறது. ஆகவே உண்மையான வட்டி, சொல்லப்பட்ட 24ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. அந்த 60,000 ரூபாவைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் பிள்ளைக்கு மாதம் 5,000 ரூபா அனுப்பலாம். கடனுக்கு நீங்கள் கட்டுவதோ மாதம் சராசரி 6,200 ரூபா, அதுவும் அடுத்த கிழமையே தொடங்கி. மாதம் 6,200 ரூபாவைக் கட்டக்கூடிய வீடு, கடன் எடுக்காமலே 5,000 ரூபாவை அனுப்பியிருக்கலாம், கையிலும் 1,200 ரூபா மிஞ்சியிருக்கும். 6,200ஐக் கட்ட முடியாத வீடாக இருந்தால், அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுக்க வேண்டி வரும். இரண்டு வழியிலும் போடிங் செலவுக்குக் கிழமைக் கடன் பொருந்தாது என்பதே நமது அபிப்பிராயம். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. நிலைமை அவ்வளவுக்குப் போனது.

அப்படியானால் கடனே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. மாதாமாதம் வரும் செலவும், ஒரேயடியாக வரும் செலவும் வேறுவேறு. அறைக்கு ஆறு மாத முற்பணம் கேட்கிறார்கள், மெத்தையும் அடுப்பும் வாங்க வேண்டும், படிப்புக்கு மடிக்கணினி வேண்டும் என்றால் அது மொத்தமாகத் தேவைப்படும் பணம். அறுவடைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தால், நகையைக் கூட்டுறவுக் கிராமிய வங்கியிலோ அரச வங்கியிலோ ஈடு வைத்து, காலபோக நெல் விற்றதும் மீட்பது கிழமைக் கடனைவிட மேல். கிழமைதோறும் வாசலில் ஒருவர் வந்து நிற்கமாட்டார். சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராக இருப்பவர்கள் முதலில் அங்கே கேட்டுப் பார்க்கலாம். அங்கத்தவரல்லாதவர்கள் பிள்ளை உயர்தரம் படிக்கும்போதே சேர்ந்து சேமிக்கத் தொடங்கினால், இடம் கிடைக்கும் வேளையில் கடன் கேட்கும் தகுதி வந்துவிடும்.

நெல்லாகவே கொடுப்பதையும் மறக்க வேண்டாம். நான்கு பிள்ளைகள் சேர்ந்து வீடெடுத்துச் சமைத்தால், ஒரு பிள்ளைக்கு மாதம் எட்டுப் பத்துக் கிலோ அரிசி போதும். அறுவடையிலே இரண்டு மூடை நெல்லைப் பிள்ளையின் பங்கென்று விற்காமல் வைத்து, அவித்துக் குற்றி அனுப்பினால், பத்து மாதத்துக்குரிய அரிசியில் பெரும்பகுதி வந்துவிடும். மிளகாய்த் தூளும் தேங்காயும் வீட்டிலிருந்தே போகலாம். தோட்டக்காரருக்கு இது தெரியாததல்ல. பிள்ளைதான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற வெட்கப்படும்.

தனியார் நிறுவனத்தில் கடனெடுத்துப் படிப்போர்

வட்டியில்லாக் கடன் பெற்றுத் தனியார் நிறுவனத்தில் படிக்கும் பிள்ளையின் நிலை வேறு. அறிவித்தல்களில் பாடநெறிக் கட்டணத்துக்கு எட்டு இலட்சம் ரூபா வரையும், விரும்பினால் சொந்தச் செலவுக்கு வருடம் 75,000 ரூபா வீதம் நான்கு வருடத்துக்கு மூன்று இலட்சம் வரையும் என்று குறிக்கப்பட்டிருந்தது. சுற்றுக்குச் சுற்று தொகை மாறலாம், அவ்வருட அறிவித்தலைப் பாருங்கள். வட்டியை அரசாங்கம் ஏற்கிறது. படிப்பு முடிந்து ஓர் அவகாசத்தின் பின்னரே தவணை தொடங்குகிறது.

வருடம் 75,000 என்பது மாதம் 6,250 ரூபா. இந்நிறுவனங்களில் பல மாலபே, ஹோமாகம போன்ற கொழும்புச் சுற்றுப்புறங்களில் இருக்கின்றன. அங்கே இத்தொகை அறை வாடகைக்கே போதாமல் போகலாம். ஆகவே கட்டணத்துக்குக் கடன் கிடைத்துவிட்டது என்பதற்காக மட்டும் பிள்ளையை அனுப்பிவிடக் கூடாது. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மிகுதி எங்கிருந்து வரும் என்பதை முதல் நாளே எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டாம் வருடத்தில் காசில்லாமல் பிள்ளை வீடு திரும்பினால், பட்டமும் இல்லை, அதுவரை எடுத்த கடனும் தலையில் இருக்கும்.

சொந்தச் செலவுக்கான பகுதியை எடுக்கலாமா என்றால், வீட்டை விட்டுத் தங்கிப் படிக்கும் பிள்ளை எடுக்கலாம் என்றே சொல்வோம். மூன்று இலட்சத்தை உதாரணமாக 84 மாதத்தில் கட்டுவதானால் மாதம் ஏறக்குறைய 3,570 ரூபா. உழைக்கத் தொடங்கியவருக்கு அது கட்டக்கூடிய தொகை. ஆனால் அந்தப் பணம் பிள்ளையின் பெயரில் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பசளை வாங்கவோ அக்காவின் கலியாணத்துக்கோ அதில் கை வைத்தால், பிள்ளை சாப்பாட்டைக் குறைத்துத்தான் ஈடு செய்யும், கேட்டால் சொல்லாது.

பிணையாளி பற்றியும் ஒரு சொல். பிணைக் கையெழுத்து சாட்சிக் கையெழுத்து அல்ல. கடனாளி கட்டாவிட்டால் வங்கி பிணையாளியிடம் கேட்கும். கையெழுத்து வைக்கும் மாமாவுக்கோ அயலவருக்கோ எவ்வளவு தொகை, எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை வீட்டிலும், இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.