விரல் பழகியபடி விசைப்பலகை

கணினியில் 'பெரம்பலூர்' என்று அடிக்கச் சொன்னால் அரியலூரில் ஆளுக்கு ஒரு விதமாக விரல் போகும். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்தவர் முதலில் கொம்பைத் தட்டுவார், 'ப' பிறகுதான். கல்லூரி மாணவர் ஒலியை ஆங்கில எழுத்தில் அடிப்பார். தமிழ்99 பழகியவருக்கு 'ப', அடுத்து 'எ'. திரையில் மூவருக்கும் ஒரே பெரம்பலூர்தான்.

விசையின் மேல் அச்சிட்டிருப்பது வெறும் பெயர்ப்பலகை. அழுத்தியதும் கணினிக்குப் போவது அந்த விசைக்குரிய எண் மட்டுமே. அதற்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது மென்பொருள். யூனிகோடு முறையில் 'ப' முன்னும் கொம்பு பின்னும் சேமிக்கப்படுவதால், தட்டச்சுக்காரர் தலைகீழாக அடிப்பதை மென்பொருளே நேராக்கிவிடுகிறது. பழைய பழக்கத்தை விட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

புதிதாகக் கற்பவர்களுக்கு என் பரிந்துரை தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, அந்த ஆண்டே தமிழக அரசு அறிவித்த விசைப்பலகைத் தளக்கோலம் (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமைப்பு) அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. கிரந்த எழுத்துகளைத் தவிர மற்றவற்றுக்கு ஷிப்ட் விசையே வேண்டாம். புள்ளியும் பல இடங்களில் தானாக விழும்: 'க' இருமுறை அடித்தால் 'க்க', 'ம', 'ப' அடுத்தடுத்து வந்தால் 'ம்ப'. அதனால் பெரம்பலூருக்கு 9 தட்டு போதும். ஒலிபெயர்ப்பில் 11. ஒரு சொல்லில் இரண்டு தட்டு பெரிதில்லைதான். நாள் முழுக்க மனு அடிப்பவரின் விரலைக் கேட்டால் தெரியும்.

என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் தமிழ்99, பழைய தட்டச்சு, ஒலிபெயர்ப்பு என எதையும் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸில் தமிழைச் சேர்த்த பின், விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். இவை எதுவும் ஒத்துவராதவர்கள் கீமேன் டெவலப்பரில் சொந்தத் தளக்கோலமே உருவாக்கலாம்.

ஒரு விசை பழுதானாலும் வழியுண்டு. மைக்ரோசாஃப்ட்டின் இலவச பவர்டாய்ஸ், அதன் வேலையை வேறொரு விசைக்கு மாற்றித் தரும். ஒரு கையால் மட்டும் அடிப்பவர்கள் ஸ்டிக்கி கீஸ் வசதியை இயக்கிக்கொண்டால், ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டே இன்னொரு விசையைத் தேட வேண்டாம். ஒவ்வொன்றாக அழுத்தினால் போதும்.

அலுவலகத்தில் பலர் மாறி மாறி உட்காரும் கணினி என்றால், தளக்கோலத்தை மாற்றியதை அடுத்தவரிடம் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.