சீலோவாம் கோபுரமும் நம் பட்டாசு ஆலைகளும்

(கல்லறைத் திருநாளையொட்டிய வானொலி மறையுரை)



நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கல்லறைகளைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, நம்மைவிட்டுப் பிரிந்தவர்களுக்காகச் செபிக்கிறோம். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் இந்த நாளுக்குக் கனம் சற்று அதிகம். முதுமையிலும் நோயிலும் இறந்தவர்களோடு, காலையில் தூக்குவாளியோடு பட்டாசு வேலைக்குப் போய், மாலையில் வீடு திரும்பாதவர்களும் இந்த மண்ணில் உறங்குகிறார்கள்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை நாம் மறக்கவில்லை. ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். புகையைப் பார்த்து, உதவி செய்யவும் என்ன நடந்தது என்று பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்து மக்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு விபத்து. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இப்படி ஒரு சாவு நேர்ந்ததும் துக்க வீட்டில் என்ன பேச்சு எழுகிறது? "அவன் விதி அவ்வளவுதான்" என்கிறார் ஒருவர். "கடவுள் சித்தம்" என்கிறார் இன்னொருவர். "யார் செய்த பாவமோ" என்று மூன்றாமவர் முணுமுணுக்கிறார். ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அந்தச் சொற்கள் எப்படி விழும்?

இதே பேச்சை ஆண்டவர் இயேசுவும் கேட்டார். லூக்கா நற்செய்தி 13-ஆம் பிரிவில் அதைக் காண்கிறோம். எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்திருந்தார்கள். அவர்கள் மற்ற எருசலேம் மக்களைவிடப் பெரிய பாவிகளா என்ற கேள்வியை இயேசுவே எடுத்து, இல்லை என்று உறுதியாக மறுக்கிறார். பிறவியிலேயே பார்வை இழந்தவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும் அவருடைய பதில் அதுவே. செத்தவர்மேல் பழிபோடும் எந்த விளக்கத்தையும் நம் ஆண்டவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

துன்பம் ஏன் என்ற கேள்வி உலகம் முழுவதையும் உலுக்கிய ஒரு நாள் உண்டு. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் மக்கள் திருப்பலிக்குக் கூடியிருந்த காலை நேரத்தில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆலயங்கள் இடிந்து விழுந்தன. கடல் பொங்கி வந்தது. திருவிழாவுக்காகப் பீடங்களில் ஏற்றிய மெழுகுதிரிகளிலிருந்தும் தீ பரவி நகரம் பல நாள் எரிந்தது. நமக்கு இது அந்நியக் கதை அன்று. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக் கரையில் திருப்பயணிகளைக் கடல் கொண்டுபோனதை நாம் அறிவோம்.

லிஸ்பன் அழிவுக்குப் பிறகு ஐரோப்பாவின் அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். கடவுள் படைத்திருப்பது இருக்கக்கூடிய உலகங்களிலேயே சிறந்தது என்று ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ் 1710-இல் எழுதியிருந்தார். இத்தனை பிணங்களைப் பார்த்த பிறகும் அப்படிச் சொல்ல முடியுமா என்று பிரான்ஸ் நாட்டு வோல்ட்டேர் கேலி செய்தார். சில மறைபோதகர்களோ, நகரத்தின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று எழுதினார்கள். சீலோவாம் பற்றி ஆண்டவர் சொன்னது அவர்களுக்கு நினைவில்லை போலும்!

அதே நேரத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. போர்ச்சுக்கலின் அமைச்சர் பொம்பல் நாட்டின் பங்குகளுக்கெல்லாம் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை பேர் இறந்தார்கள், எந்தக் கட்டடங்கள் சேதமாயின என்று பங்குத்தந்தையர் எழுதி அனுப்பினார்கள். நிலநடுக்கத்தை அறிவியல் முறையில் ஆராயும் துறைக்கு அது ஒரு தொடக்கமானது. சுவருக்குள் மரச்சட்டம் வைத்து, நடுக்கத்தைத் தாங்கும் வீடுகள் லிஸ்பனில் எழுந்தன. "யார் பாவம்?" என்று கேட்டவர்கள் ஒரு வீட்டையும் காப்பாற்றவில்லை. "என்ன நடந்தது, இனி என்ன செய்வது?" என்று கேட்டவர்கள் அடுத்த தலைமுறையைக் காத்தார்கள்.

அப்படியானால் விதி என்று ஒன்றும் இல்லையா? திருவள்ளுவர் ஊழுக்கென்று ஓர் அதிகாரம் பாடி அதன் வலிமையை ஒப்புக்கொண்டார். அவரே ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தில், சோர்வில்லாமல் முயல்பவர் அந்த ஊழையும் புறங்காணச் செய்வார் என்று சொன்னார். விதியைப் பேசுகிற நாம் இந்த இரண்டாவது அதிகாரத்தை மறந்துவிடுகிறோம்.

வெடிமருந்துக் கலவை உராய்ந்தால் தீப்பிடிக்கும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஓர் அறையில் அனுமதித்ததற்கு மேல் ஆட்களை அடைப்பதும், அறை போதாமல் மரத்தடியில் மருந்து செலுத்துவதும், தீபாவளி ஆர்டரை முடிக்க வேகப்படுத்துவதும், உரிமம் ஒருவர் பெயரில் இருக்க ஆலையை உள்குத்தகைக்கு விடுவதும் விதியின் வேலை அல்ல. இவை மனிதர் எடுக்கும் முடிவுகள். இவற்றைக் கடவுள் சித்தம் என்று சொல்வது, நம் குற்றத்தைக் கடவுள்மேல் ஏற்றுவதாகும்.

விக்டர் பிராங்கல் என்ற யூத மனநல மருத்துவர் நாத்சி வதைமுகாம்களில் அடைபட்டவர். மனைவியையும் பெற்றோரையும் சகோதரரையும் அந்தக் கொடுமைக்குப் பலிகொடுத்தவர். விடுதலையான பின் 1946-இல் வெளியிட்ட நூலில் அவர் சொல்லும் கருத்து இது: வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், உண்மையில் வாழ்க்கைதான் நம்மைக் கேட்கிறது, நம் செயலால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் இன்னொன்றையும் வலியுறுத்தினார். தவிர்க்க முடியாத துன்பத்திலும் பொருள் காணலாம். தவிர்க்கக்கூடிய துன்பம் என்றால், அதன் காரணத்தை நீக்குவதே பொருளுள்ள செயல்.

இந்தப் பதில்களோடு எல்லாம் தீர்ந்துவிடுகிறதா? இல்லை. நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை, எனவே அதற்கு ஏன் அஞ்ச வேண்டும் என்றார் கிரேக்க ஞானி எபிகூர். தன் சாவை நினைத்துப் பயப்படுகிறவனுக்கு அது மருந்தாகலாம். கணவனை இழந்தவளுக்கு அது மருந்தாகாது. அவள் இருக்கிறாள், அவர்தான் இல்லை. இலாசரின் கல்லறையைக் காண வரும்படி அழைத்தபோது இயேசு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அழுதார். சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று அறிந்தவர்தான் அழுதார். உயிர்ப்பில் நம்பிக்கை வைத்தவர்கள் அழக்கூடாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

1984 பிப்ரவரி 11 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் துன்பத்தின் பொருள் பற்றி ஒரு திருத்தூது மடல் எழுதினார். அதன் முடிவில் நல்ல சமாரியரிடம் வருகிறார். பிறர் துன்பம் நம்மிடமிருந்து அன்பை வெளிக்கொணர வேண்டும் என்பது அவர் தரும் ஒளி. மலைப்பொழிவில் துயருறுவோரையும் ஆண்டவர் பேறுபெற்றோர் என்றார். அவர்களுக்கு ஆறுதல் கிடைக்கும் என்பது காரணம். அந்த ஆறுதலை இறைவன் பெரும்பாலும் நம் கைகளின் வழியாகவே கொடுத்தனுப்புகிறார்.

எனவே, துக்க வீட்டுக்குப் போனால் விளக்கம் சொல்லாமல் அருகில் உட்காருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் இருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பிறகும் அந்த வீட்டை மறக்காதீர்கள். நிவாரணத்துக்கு மனு எழுதவும், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும் அன்பியமாகச் சேர்ந்து நில்லுங்கள். வேலை செய்யும் இடத்தில் விதிமீறலைக் கண்டால் ஒருவராகப் பேசப் பயமாக இருக்கும். நாலு பேராகப் பேசுங்கள். உங்களில் ஆலை நடத்துகிறவர்கள், கண்காணிப்பாளர்கள் இருந்தால், உங்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு நாள் தாமதமாகும் சரக்கை அடுத்த நாள் அனுப்பலாம், போன உயிரை எந்த நாளும் திருப்ப முடியாது.

சீலோவாம் பற்றிப் பேசிய கையோடு, மனம் மாறுங்கள் என்று எச்சரித்த இயேசு, காய்க்காத அத்திமரத்தின் உவமையையும் சொன்னார். வெட்டிவிடு என்கிறார் தோட்டக்காரரின் தலைவர். இன்னும் ஓர் ஆண்டு விட்டுவையுங்கள், சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்கிறார் தோட்டத் தொழிலாளர். அடுத்த கல்லறைத் திருநாள்வரை நமக்கும் ஓர் ஆண்டு கிடைத்திருக்கிறது. கொத்த வேண்டியது நம் பொறுப்பு.

இறைவா, வேலைக்குப் போன இடத்தில் உயிர்விட்ட எங்கள் சகோதர சகோதரிகளுக்கு உம்முடைய நித்திய இளைப்பாற்றியைத் தாரும். அவர்கள் விட்டுச்சென்ற குடும்பங்களைத் தாங்கும் கைகளாக எங்களை மாற்றும். நாளை காலை வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் மாலையில் வீடு திரும்பச் செய்யும். ஆமென்.