ஏசப்பட்டவரின் பொறுப்பு

"அவர்தாம் என்னைப் பேச வைத்தார்!" மார்க்கப் பேச்சாகத் தொடங்கிய விவாதம் வசைமொழியில் முடிந்தபின் இரு தரப்பாரும் கூறும் சமாதானம் இதுவே. அவர் உரைத்த சொல்லுக்கு அவரே பொறுப்பாளி, ஐயமில்லை. அதைக் கேட்டு நாம் உரைத்த சொல் யாருடைய அமல் ஏட்டில் எழுதப்படும்?

பெருமானார் (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஒருவர் ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களை ஏசினார். சித்தீக் அவர்கள் வாய் திறக்கவில்லை. மீண்டும் ஏசினார், அப்போதும் பொறுத்தார்கள். மூன்றாம் முறையும் ஏசவே, பதிலுரைத்துவிட்டார்கள். உடனே நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்துவிட்டார்கள். தம்மீது வருத்தமோ எனச் சித்தீக் அவர்கள் வினவியபோது, அதுவரை வானவர் ஒருவர் அம்மனிதரை மறுத்துரைத்து வந்ததையும், இவர்கள் பதிலடியில் இறங்கியதும் அவ்விடத்தில் ஷைத்தான் வந்து சேர்ந்ததையும் எடுத்துரைத்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. அளவு மீறாமல் பதிலளிப்பதை மார்க்கம் குற்றமென்று கூறவில்லை என்பதையும் இங்கே மறந்துவிடலாகாது. எனினும், சித்தீக் அவர்களிடம் அதனினும் உயர்ந்தது எதிர்பார்க்கப்பட்டது.

தம்மைப் பழித்தால் பொறுக்கலாம். பெற்ற மகளைப் பழித்தால்?

ஹிஜ்ரி 5 அல்லது 6ஆம் ஆண்டில், பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில், தொலைந்த கழுத்து மாலையைத் தேடிப் பின்தங்கிய அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது முனாபிக்குகள் அவதூறு கட்டினர். ஏறத்தாழ ஒரு மாதம் மதீனா அதையே பேசிற்று. அதை வாய்விட்டுப் பேசியோரில் மிஸ்தஹ் (ரலி) அவர்களும் ஒருவர். ஹிஜ்ரி 2இல் பத்ருக் களத்தில் நின்றவர். சித்தீக் அவர்களின் சிற்றன்னை மகளுக்கு மகன். அவர்கள் கொடுத்து வந்த பொருளால் வாழ்ந்த ஏழை. ஓர் இரவு, அவருடைய தாயார் ஆடை தடுக்கி இடறியபோது தம் மகனையே சபித்தார். நடந்தது எதுவும் அறியாத அன்னையோ, பத்ரில் பங்குகொண்டவரையா ஏசுகிறீர்கள் என்று கடிந்துகொண்டார்கள்! தம்மைப் பழித்தவருக்காகத் தாமே பரிந்து பேசிய நிலையில்தான், அந்தப் பழியையே அத்தாயாரின் வாயால் கேட்க நேர்ந்தது.

பின்னர் திருமறையின் 24ஆம் அத்தியாயமான அந்நூரின் வசனங்கள் அருளப்பட்டு, அன்னையின் தூய்மை நிலைநாட்டப்பட்டது. அவதூறுக்குரிய 80 கசையடிக்கு மிஸ்தஹும் உள்ளானதாக அறிவிப்புகள் கூறுகின்றன. அது அவருடைய கணக்கு.

இனி மிஸ்தஹுக்கு எதுவும் ஈவதில்லை என்று சித்தீக் அவர்கள் ஆணையிட்டிருந்தார்கள். எந்தத் தந்தைதான் அவ்வாறு செய்யமாட்டார்? ஆயினும் அதே அத்தியாயத்தின் 22ஆம் வசனம் அந்த ஆணையைத் தடுத்தது. உறவினர், ஏழைகள், ஹிஜ்ரத் செய்தோர் ஆகியோருக்கு உதவுவதில்லை எனச் செல்வமுடையோர் சத்தியம் செய்யலாகாது என்றது. இறைவனின் மன்னிப்பைத் தாங்களே விரும்பமாட்டார்களா என்றும் வினவிற்று. மிஸ்தஹ் அம்மூவகையிலும் அடங்கியவர்.

அம்மன்னிப்பையே தாம் விரும்புவதாகக் கூறிய சித்தீக் அவர்கள், நிறுத்திய உதவியை மீண்டும் தொடங்கி, இனி ஒருபோதும் அதை நிறுத்துவதில்லை என்று ஆணையிட்டார்கள்.