டிராக்டருக்கு ஏற்ற டிரெய்லர்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

நெல் அறுவடையும் கரும்பு வெட்டும் தொடங்கிவிட்டால் டிராக்டருக்கு உழவைவிடப் பாரம் இழுக்கும் வேலைதான் அதிகம். 'ஐம்பது எச்.பி. வண்டி, எவ்வளவு ஏற்றினாலும் இழுக்கும்' என்று சொல்லியே பலர் டிரெய்லரைத் தேர்வு செய்கிறார்கள். சமமான தார்ச் சாலையில் வண்டி இழுத்துவிடும் என்பது உண்மைதான். வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது முன்சக்கரம் தூக்குமா, இறங்கும்போது வண்டி நிற்குமா என்பதையும் பார்த்துத்தான் டிரெய்லரை முடிவு செய்ய வேண்டும்.

எடைக் கணக்கு

டிரெய்லரின் ஆர்.சி. புத்தகத்தில் காலி எடை, பாரத்துடன் மொத்த எடை என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். காலி எடை 1,500 கிலோ, மொத்த எடை 5,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 3,500 கிலோதான் ஏற்றலாம். கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ மூட்டையாகக் கொண்டுபோனால் 87 மூட்டை. 'நூறாகவே ஏற்றிவிடு' என்றால் அரை டன் கூடிவிடும். அந்தக் கூடுதல் எடையை டயர், அச்சு, கொக்கி மூன்றும் தாங்கியாக வேண்டும்.

அடுத்து, உங்கள் டிராக்டரின் கையேட்டைப் பாருங்கள். எவ்வளவு எடையுள்ள டிரெய்லரை இழுக்கலாம், கொக்கியின் மேல் எவ்வளவு பாரம் இறங்கலாம் என்று அதில் போட்டிருப்பார்கள். டிரெய்லர் பட்டறைக்குப் போகும்போது இந்த எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள்.

இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா?

இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் ஒரு பகுதி கொக்கி வழியாக டிராக்டரின் மேல் இறங்கும். இதனால் பின்சக்கரங்களுக்குச் சேற்றில் நல்ல பிடிப்பு கிடைக்கும். பின்னோக்கி எடுப்பதும் எளிது. நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே சுமக்கும். அதனால் கொக்கியில் பாரம் குறைவு. ஆனால் ஈர வயலில் டிராக்டரின் பின்சக்கரம் வழுக்கலாம். பின்னோக்கி எடுக்கவும் நல்ல பழக்கம் வேண்டும்.

கன்டெய்னர் லாரியில் டிரெய்லரின் முன்பாரம் லாரியின் பின் அச்சுக்கு மேலேயே உட்காரும். டிராக்டரில் கொக்கி பின் அச்சையும் தாண்டி இருப்பதால், அங்கே இறங்கும் பாரம் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். 2,000 கிலோ எடையுள்ள டிராக்டரின் முன் அச்சில் 800 கிலோ இருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீட்டர், கொக்கி பின் அச்சிலிருந்து 80 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். கொக்கியில் 500 கிலோ இறங்கினால் முன் அச்சில் 200 கிலோ குறையும். பாரத்தை முன்னால் தள்ளி அடுக்கி, கொக்கியில் ஒரு டன் இறங்கினால் முன் அச்சில் 400 கிலோதான் மிஞ்சும். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருந்தால்தான் ஸ்டீயரிங் பேசும். இந்த வண்டியில் அந்த எல்லை 400 கிலோ. அதற்கு மேல் ஓர் ஏற்றம் வந்தால் போதும், முன்சக்கரம் தூக்கிவிடும்.

பின்பக்கம் அதிகமாக அடுக்கினாலும் ஆபத்துதான். அப்போது கொக்கி மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். பிரேக்கும் அந்தச் சக்கரங்களில்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மூட்டைகளைச் சக்கரத்துக்கு மேலே மையமாக, சற்றே முன்பக்கம் சாய்ந்தாற்போல அடுக்குங்கள்.

கொக்கி எங்கே இருக்க வேண்டும்?

டிரெய்லரைப் பின் அச்சின் மையத்துக்குக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ, அச்சிலோ சங்கிலி கட்டி இழுத்தால் டிராக்டர் பின்பக்கமாகக் குப்புறக் கவிழும். ஓட்டுபவர் குதித்துத் தப்பிக்கக்கூட நேரம் இருக்காது. லிப்ட் கைகளுக்கு இடையே போடும் துளைப் பட்டையில் மாட்டுவதாக இருந்தால், அது மேலே எழாதபடி தாங்கு கம்பி போட்டு இறுக்கியிருக்க வேண்டும்.

கொக்கியில் போடும் பின், வளையத்தின் துளைக்குச் சரியான பருமனில் இருக்கட்டும். கிடைத்த போல்ட்டையோ கம்பியையோ செருகாதீர்கள். பின் மேலே எழும்பி வராமல் இருக்க லாக் பின் அவசியம். பின்னோ வளையமோ தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் மாட்டினால், பின் உடைந்தாலும் டிரெய்லர் தனியே ஓடாது.

நிறுத்தும் கணக்கு

5 டன் டிரெய்லர், 2 டன் டிராக்டரைப் போல இரண்டரை மடங்கு எடை. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில், அந்த டிரெய்லர் சுமார் 500 கிலோ விசையோடு டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். டிரெய்லருக்குப் பிரேக் இல்லையென்றால் எல்லாவற்றையும் டிராக்டரின் பின்சக்கரங்களே தாங்க வேண்டும். திருப்பத்தில் பிரேக் அடித்தால் டிரெய்லர் டிராக்டரைப் பக்கவாட்டில் மடக்கிவிடும். எனவே புதிதாக வாங்குவோர் பிரேக் உள்ள டிரெய்லரையே கேட்டு வாங்குங்கள்.

சாலையில் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டியே ஓட்டுங்கள். சரிவில் இறங்கும் முன்பே குறைந்த கியருக்கு வந்துவிடுங்கள். நடுச் சரிவில் கிளட்சை மிதிப்பதும், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் உயிருக்கு உலை வைக்கும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

கிளம்பும் முன்

டயர் காற்று, சக்கர நட்டு, பின், சங்கிலி, பின்விளக்கு, ஒளிரும் பட்டை ஆகியவற்றை ஒரு சுற்று வந்து பாருங்கள். கரும்பு ஏற்றினால் பின்விளக்கு மறைகிறதா என்று கவனியுங்கள். டிரெய்லரின் பதிவும் காப்பீடும் நடப்பில் இருக்கட்டும். வேலையாட்களைப் பாரத்தின் மேலோ மட்கார்டிலோ உட்கார வைக்காதீர்கள். சரக்கு டிரெய்லரில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. விபத்து நேர்ந்தால் அவர்கள் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைப்பதும் கடினமாகிவிடும்.

களப் பணியாளர்கள் கிராமக் கூட்டங்களில் ஒரு டிராக்டரையும் டிரெய்லரையும் நிறுத்தி இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். டிரெய்லர் தேர்வில் சந்தேகம் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் டிராக்டர் கையேட்டுடன் உங்கள் பகுதி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.