நீரேற்று நிலையங்களில் மின்சாரச் சிக்கனம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் மிகுந்திருந்த புளோரைடு, மக்களின் பற்களையும் எலும்புகளையும் கெடுத்து வந்தது. இக்குறையைப் போக்கும் பொருட்டு நிறைவேற்றப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பெற்றது. காவிரி பள்ளத்தில் ஓடுகிறது. ஊர்களோ மேட்டில் உள்ளன. ஆகவே, அங்கு ஒவ்வொரு குடம் நீரும் மின்சார வலிமையாலேயே மேலேறி வருகின்றது. பம்புகள் நின்றுவிடின், மக்கள் பழைய கிணற்று நீரையே மீண்டும் நாட நேரும். இத்தகைய நிலையங்கள் தடையின்றியும் சிக்கனமாகவும் இயங்க வேண்டுவன யாவை என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

கணக்கு

ஆயிரம் லிட்டர் நீரை 100 மீட்டர் உயரத்திற்கு ஏற்ற, இயற்கை விதிப்படி சுமார் 0.27 யூனிட் மின்சாரம் போதும். ஆனால், மோட்டாரிலும் பம்பிலும் ஒரு பகுதி வீணாகிறது. இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 75 பங்கு திறனுடன் இயங்கினால் 0.36 யூனிட்டும், 60 பங்கு திறனுடன் இயங்கினால் 0.45 யூனிட்டும் செலவாகும். நாள்தோறும் 10 லட்சம் லிட்டர் ஏற்றும் நிலையத்தில் இவ்வேறுபாடு ஓராண்டில் ஏறத்தாழ 33,000 யூனிட்டாகிறது.

விரயம் எவ்வாறு நேர்கிறது?

தேவைக்கு மிஞ்சிய பம்பை அமைத்துவிட்டு, வால்வைப் பாதி மூடி ஓட்டுவது முதற் குறை. இதனால் நீர் குறையுமேயன்றி, மின்செலவு அந்த அளவுக்குக் குறையாது. தக்க அளவுள்ள பம்பை வைப்பதே முறை. தேவை அடிக்கடி மாறுமிடங்களில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி உதவும்; உயரம் மிகுந்து உராய்வு குறைந்த இடங்களில் அதன் பயன் சிறிதே. பம்பின் உட்சக்கரம் தேய்வது இரண்டாவது குறை. குறுகிய குழாய் மூன்றாவது. விட்டம் பாதியானால், அதே அளவு நீருக்கு உராய்வு இழப்பு சுமார் 32 மடங்காகும். வயற்கிணற்றுப் பம்புக்கும் இவ்விதி பொருந்தும்.

தடையின்றி இயங்க

மின்சாரம் திடீரென நின்றால், நெடுங்குழாயில் ஓடும் நீர் திரும்பி மோதிக் குழாயைப் பிளக்கக்கூடும். இதைத் தடுக்கும் ஒருவழி வால்வுகளும் காற்று வால்வுகளும் செவ்வனே இயங்குகின்றனவா என்று அவ்வப்போது பார்த்தல் வேண்டும். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அற்றால் மோட்டார் எரிந்துவிடும். அதற்குரிய பாதுகாப்புக் கருவி இன்றியமையாதது. பேரிங் சூடேறுவதும் அதிர்வு மிகுவதும் வரவிருக்கும் பழுதின் அறிகுறிகளாம். மாற்றுப் பம்பையும் முறை வைத்து ஓட்டி வந்தால்தான் அவசர வேளையில் அது கைகொடுக்கும்.

நமது கடமை

இவற்றிற்கெல்லாம் அடிப்படை ஒரு குறிப்பேடே. ஏற்றிய நீரின் அளவையும் செலவான யூனிட்டையும் நாள்தோறும் எழுதி, ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் எனக் கணக்கிட வேண்டும். உயரமும் நீரளவும் மாறாதிருக்க இவ்வெண் ஏறிக்கொண்டே போனால், எங்கோ பழுது உண்டென்பது உறுதி. பஞ்சாயத்து உறுப்பினர்கள் தம் ஊர்ப் பம்பறையில் இக்குறிப்பேட்டைத் தொடங்கி, மாதந்தோறும் கூட்டத்தில் வைத்துப் பார்ப்பார்களாக. மிச்சமாகும் மின்கட்டணம் பஞ்சாயத்து நிதியில் நிற்கும். கடைக்கோடி வீட்டிற்கும் தண்ணீர் தவறாது சென்று சேரும்.