பறித்தவர் எழுதிய பதிவேடு

ஓவியம் நிலைபெறுவது, ஓவியக் காட்சியோ கலைவது. சில கிழமைகள் சுவரிலே விளங்கிய படங்கள் ஒருநாள் இறக்கப்பட்டுவிடும். எவ்வெவை காட்டப்பட்டன, எங்கிருந்து வந்தன, பின்னர் எங்குச் சென்றன என்று உரைக்க எஞ்சுவன பட்டியலும் புகைப்படமும் கணக்கேடுமே. இவற்றை உயிரற்ற தாள்களென எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதற்கு 1937ஆம் ஆண்டு ஜேர்மனியில் நிகழ்ந்ததொன்று தக்க சான்றாகும்.

அவ்வாண்டு யூலை 18ஆம் நாள், மியூனிக் நகரிலே ஹிட்லர் 'ஜேர்மன் கலை மாளிகை'யைத் திறந்துவைத்தார். தம் அரசு உவந்த கலைக்கு அங்கே பெருங்காட்சி எடுக்கப்பட்டது. மறுநாள், அதற்கு அணித்தாக மற்றொரு காட்சி தொடங்கிற்று. 'இழிந்த கலை' என்பது அதற்கு இடப்பட்ட பெயர். நூதனசாலைகளிலிருந்து பறித்த ஏறத்தாழ 650 படைப்புகள் அங்கே நெருக்கி மாட்டப்பட்டன. சுவர்களில் ஏளன மொழிகள் தீட்டப்பட்டன. போற்றுதற்கன்றித் தூற்றுதற்கென்றே எடுத்த காட்சி அது. ஆயினும், மியூனிக்கில் மட்டும் இருபது இலட்சம் மக்கள் வரையில் அதனைக் கண்டனர்!

அங்கே தூக்கப்பட்டவற்றுள் ஒன்று பிரான்ஸ் மார்க் வரைந்த 'நீலக் குதிரைகளின் கோபுரம்'. அவரோ 1916இல் வேர்டன் போர்க்களத்திலே ஜேர்மனிக்காக உயிர் நீத்தவர். படைத்தலைவர்கள் சங்கம் எதிர்ப்புரைக்கவே, அப்படம் அகற்றப்பட்டது. போருக்குப் பின் அது சென்ற இடம் எவரும் அறியார்.

நாடெங்கும் பறித்த 16,000க்கு மேற்பட்ட படைப்புகளுக்கு அவ்வரசின் பிரசார அமைச்சு, நகர்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்தி, இரு தொகுதிகளாகப் பதிவேடு வகுத்தது. விற்றதற்கு ஓர் எழுத்து. மாற்றிக்கொண்டதற்கு ஓர் எழுத்து. அழித்ததற்குக் குறுக்குக்கோட்டுக் குறியொன்று. ஒரு கலைஞன் பன்னாள் உழைத்த உழைப்பின் முடிவு ஒரு தட்டச்சுக் குறியிலே அடங்கிவிட்டது. முழுமையாக எஞ்சியதென அறியப்பட்ட ஒரே பிரதி, 1996இல் இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலைக்கு நன்கொடையாக வந்தது. 2014இல் அந்நூதனசாலை அதனை எவரும் காணுமாறு இணையத்தில் வெளியிட்டது.

இதனால் விளைந்த பயன் யாது? பறிபோனவற்றுள் தனியார் இரவலாகக் கொடுத்தவையும் இருந்தன. சோபி லிசிற்ஸ்கி-கூப்பேர்ஸ் என்னும் அம்மையார் ஹனோவர் நூதனசாலையில் விட்டுச்சென்ற, பவுல் கிளேயின் 'சதுப்புநிலக் கதை' அத்தகையது. அதுவும் மியூனிக்கில் இகழ்ச்சிக்கு வைக்கப்பட்டு, பின்னர் விற்கப்பட்டது. அம்மையாரின் வழித்தோன்றல்கள் நெடுங்காலம் வழக்காடி, 2017இல் மியூனிக் நகரசபையுடன் இணக்கங் கண்டனர். படம் அந்நகர நூதனசாலையிலேயே நின்றது. உரிமையாளர்க்கு ஈடு கிடைத்தது. 2010இல் பேர்லினில் நிலத்தடி இரயிற்பாதைக்காக அகழ்ந்த இடத்திலே சிதைந்த சிற்பங்கள் சில வெளிப்பட்டன. அவை பறிபோன படைப்புகளே என்று தெளிவித்தவையும் பழம் பதிவுகளே.

பதிவேட்டைத் தட்டச்சுச் செய்த எழுத்தன் நீதியை எண்ணிச் செய்தானல்லன். கணக்கு நேராகவேண்டுமென்றே செய்தான். பறித்தவர் தம் வசதிக்கு எழுதிய அக்கணக்கே பறிகொடுத்தவர்க்குச் சாட்சியாயிற்று. பகைவன் எழுதிய ஏடே இத்துணைப் பயன் தருமாயின், அன்புடையார் தாம் எடுக்கும் காட்சிகளுக்கு ஒரு பட்டியலேனும் எழுதிவையாது விடுதல் தகுமோ? கலையைக் காத்தலென்பது அதன் கணக்கைக் காத்தலுமாகும்.