வினைமுற்று வரும் வரையில்

இரவு ஷிப்ட் முடிந்து ஓசூர் சிப்காட்டிலிருந்து வீடு திரும்பும் தொழிலாளி ஒருவர், பஸ்ஸில் அமர்ந்து ஒரு பாக்கெட் நாவலைப் பிரித்தாரானால், கண்ணைச் சுழற்றும் தூக்கத்தையும் மீறி அவரை அதில் கட்டிவைக்கும் சக்தி, கதையில் நிகழும் கொலைக்கு மட்டும் உரியதன்று. வாக்கியத்தின் நீளத்துக்கும், எதை எப்பொழுது சொல்லுவது என்ற ஆசிரியரின் நிதானத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவதே வழக்கமாதலால், காத்திருக்க வைக்கும் குணம் நம் பாஷையிலேயே அமைந்திருக்கிறது. உதாரணமாக ஒரு காட்சியை நாமே எழுதிப் பார்ப்போம்: 'ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியின் வெளிச்சம் எட்டாத இடத்தில் லாரியை நிறுத்தி, ஓசைப்படாமல் பின்புறம் ஏறி, தார்ப்பாயை விலக்கி, அதனடியில் கிடந்த மூட்டையைத் தொட்ட டிரைவர், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மூட்டை மூச்சு விட்டது.' நிறுத்தி, ஏறி, விலக்கி என்று வினையெச்சங்கள் ஒவ்வொன்றும் வாசகரை ஓர் அடி முன்னே நடத்திச் செல்லுகின்றன. முடிவை மட்டும் கொடுப்பதில்லை. அவ்வளவு தூரம் நடந்து வந்ததனால்தான் பின்னே வரும் மூன்று சொற்கள் திடுக்கிட வைக்கின்றன. சிறு வாக்கியங்களையே ஓயாமல் அடுக்கினால் இந்த விளைவு கிட்டாது. பக்கத்துக்குப் பக்கம் அப்படி எழுதுவோர் பரபரப்பைத் தாங்களே செலவழித்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அந்த வினைமுற்றே ஆசிரியருக்கு ஒரு சங்கடத்தையும் உண்டாக்குகிறது. 'வந்தான்' என்று எழுதிய க்ஷணமே கதையிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிடுவார்கள். ஆகவேதான் நம் துப்பறியும் கதைகளில் 'ஓர் உருவம்' சுவரேறிக் 'குதிக்கிறது'. அஃறிணை விகுதிக்குள் குற்றவாளி மறைந்துகொள்ளுகிறார்.

கதையை யார் வாயிலாகச் சொல்லுவது என்பதும் முக்கியமான விஷயம். 1841இல் எட்கார் ஆலன் போ, துப்பறிபவரை விலக்கி, அவருடைய நண்பரைக் கதை சொல்ல வைத்தார். நண்பர் யாவற்றையும் பார்க்கிறார், பொருள் மட்டும் அவருக்கு விளங்குவதில்லை. தமிழில் வடுவூர் துரைசாமி ஐயங்கார் சாவகாசமான வர்ணனையால் ரகசியத்தை நீட்டிச் சென்றார். ஓசூருக்கு அண்டையிலுள்ள பெங்களூரில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சுஜாதாவோ, வர்ணனையைக் குறைத்து, வக்கீல் கணேஷுக்கும் வசந்துக்கும் இடையே நடக்கும் சம்பாஷணையில் கதையை ஓடவிட்டார். வசந்த் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் வாசகர் கேட்க நினைத்தவையே. கணேஷ் உடனே பதில் சொல்லாத இடங்களில்தான் நாம் பக்கத்தை அவசரமாகத் திருப்புகிறோம்.